ஊர் கூடினால்தான் விழா!



பண்டிகை என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? புத்தாடை, பலகாரம், பட்டாசு, பள்ளிக்கு விடுமுறை... சரிதானே! இப்போது இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. பல பேர் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் ஆன்-லைன் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலும் பண்டிகை வருகிறது. டிசம்பர் பிறந்தால் போதும். திரைக்குள் பனி கொட்டுகிறது. மரங்களில் விளக்குகள் மினுக்குகின்றன. 'இந்த வாரம் மட்டும்' என்ற அறிவிப்போடு புதுத் தொப்பி, புதுச் சட்டை எல்லாம் வந்து இறங்குகின்றன.

'இதெல்லாம் ஒரு பண்டிகையா? வெறும் பொம்மை விளையாட்டு!' என்கின்றனர் பெரியவர்கள்.

'போங்க தாத்தா! என் பிரண்ட்ஸ் எல்லாரும் அங்கேதான் இருக்காங்க' என்கிறீர்கள் நீங்கள்.

யார் சொல்வது சரி? என்னைக் கேட்டால், இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு விழா தெருவில் நடக்கலாம், திரையிலும் நடக்கலாம். அதில் எல்லாருக்கும் இடம் இருக்கிறதா? எல்லாருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் அது ஊர்த் திருவிழா. இல்லாவிட்டால் அது வெறும் கடைவீதிதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, உண்மையில் நடந்த ஒரு கதை இருக்கிறது. கேளுங்கள்.

பெங்குவின்கள் வாழ்ந்த தீவு

கனடா நாட்டில் கெலோனா என்று ஓர் ஊர். அங்கே லான்ஸ் பிரீப், லேன் மெரிஃபீல்ட், டேவ் கிரிஸ்கோ என்ற மூன்று பேர் சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டை உருவாக்கினர். பெயர், 'கிளப் பெங்குவின்'. 2005 அக்டோபர் 24ம் தேதி அது எல்லாருக்கும் திறந்து விடப்பட்டது.

பனி மூடிய ஒரு தீவு. அதில் நீங்கள் ஒரு பெங்குவின். என்ன நிறம் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். 'இக்ளூ' என்ற பனி வீடு உங்களுக்கு உண்டு. பனிச்சறுக்கு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கத்தில் தள்ளுவண்டி ஓட்டலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் விளையாட்டு நாணயங்கள் கிடைக்கும். உலகின் எங்கெங்கோ இருக்கும் குழந்தைகள் அதே தீவில் உங்கள் பக்கத்தில் நிற்பார்கள், பேசுவார்கள், ஆடுவார்கள்.

பெரியவர்கள் காவலும் இருந்தது. கெட்ட வார்த்தை டைப் செய்தால் மற்றவர்களுக்குத் தெரியாது. செய்தவர் தீவை விட்டு வெளியேற்றப்படுவார். பெற்றோர் விரும்பினால், முன்பே எழுதி வைத்த வாக்கியங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பேசும் முறையும் இருந்தது.

2007ல் டிஸ்னி நிறுவனம் இந்த விளையாட்டை 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2013ல், இதுவரை பதிவு செய்த கணக்குகள் 20 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தனர். அப்பாடா, எவ்வளவு பெரிய தீவு!

டிசம்பரில் ஒரு வேலை

தீவில் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு கொண்டாட்டம் இருக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, 2007 டிசம்பரில் கிறிஸ்துமசை ஒட்டித் தொடங்கிய 'காயின்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற நிகழ்ச்சி.

தீவின் பல இடங்களில் நன்கொடைச் சாவடிகள் வைக்கப்பட்டன. விளையாடிச் சேர்த்த நாணயங்களைக் குழந்தைகள் அங்கே போடலாம். எதற்காக என்பதற்கு மூன்று வழிகள். நோயுற்ற குழந்தைகளுக்கு உதவுவது ஒன்று. சுற்றுச்சூழலைக் காப்பது இன்னொன்று. ஏழை நாடுகளில் வாழும் குழந்தைகளுக்குக் கை கொடுப்பது மூன்றாவது. நிறுவனம் 10 லட்சம் டாலரை, நிஜப் பணத்தை, தனியாக எடுத்து வைத்தது. எந்த வழிக்கு எவ்வளவு நாணயம் விழுகிறதோ, அந்த விகிதத்தில் அந்த நிஜப் பணம் மூன்று தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அந்த முதல் ஆண்டிலேயே 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், 200 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களைப் போட்டனர். எங்கே, ஒரு கணக்குப் போடுங்கள் பார்க்கலாம்! 200 கோடியை 25 லட்சத்தால் வகுத்தால்? ஆம், 800. சராசரியாக ஒரு குழந்தை 800 நாணயம் கொடுத்திருக்கிறது.

'அது பொம்மைக் காசுதானே! நிஜப் பணம் கொடுத்தது கம்பெனிதானே!' என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். நல்ல கேள்வி. கம்பெனிக்கு இதனால் நல்ல பெயரும் விளம்பரமும் கிடைத்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால், அந்த 800 நாணயத்தைச் சேர்க்க ஒரு குழந்தை எத்தனை ஆட்டம் ஆடியிருக்கும்! தனக்கென்று ஏதாவது வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. 'யாருக்குக் கொடுக்கலாம்?' என்று யோசித்தது. ஒரு முடிவு எடுத்தது. அந்த யோசனை பொம்மை இல்லை. அந்த முடிவால் நிஜப் பணம் போகும் திசையும் மாறியது.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தத் தீவில் ஒரு வேற்றுமையும் இருந்தது. மாதம் சுமார் 6 டாலர் சந்தா கட்டியவர்கள்தான் விதவிதமான ஆடைகளையும், பனி வீட்டுக்கான மேஜை, நாற்காலிகளையும் வாங்க முடியும். சந்தா கட்டாத குழந்தையின் பெங்குவின் பெரும்பாலும் எளிய கோலத்தில்தான் திரியும். பார்த்தவுடனே 'இது காசு கட்டாதது' என்று தெரிந்துவிடும். இது எனக்குப் பிடிக்காத விஷயம். வகுப்பில் விலை உயர்ந்த பென்சில் பாக்ஸ் வைத்திருக்கும் பையனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்பதையும், ஒன்றுமில்லாத பையன் ஓரமாக நிற்பதையும் பார்த்தவன் நான்.

ஆனால், நன்கொடைச் சாவடியில் இந்த வேற்றுமை இல்லை. சந்தா கட்டியவரும் போடலாம், கட்டாதவரும் போடலாம். 'நானும் கொடுத்தேன்' என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி தலை நிமிர்ந்து சொல்லலாம். புதுத் தொப்பியால் முடியாததை அந்தச் சாவடி செய்தது. எல்லாரையும் ஓர் ஊராக்கியது!

ஒரு காகிதத் தொப்பியின் கதை

விழா கடைவீதியாக மாறினால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

இங்கிலாந்தில் 2001ல் தொடங்கிய 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டு இன்றும் நடக்கிறது. 2001 கிறிஸ்துமஸ் அன்று அதில் 'கிராக்கர்' என்ற பரிசுப் பொட்டலங்கள் தரையில் வந்து விழுந்தன. கிராக்கர் என்றதும் வெடி என்று நினைத்து விடாதீர்கள். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்தின்போது இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்து இழுக்கும் காகிதப் பொட்டலம் அது. 'பட்'டென்று பிரியும், உள்ளே காகிதத் தொப்பி இருக்கும். விளையாட்டிலும் அப்படித்தான். தனியாக அதைத் திறக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். தொப்பியோ ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! அன்று அந்தத் தொப்பிகளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆனால், அந்தக் கிராக்கர்கள் மறுபடி அப்படிக் கொட்டப்படவில்லை. ஆண்டுகள் போகப் போக, மிச்சமிருந்த தொப்பிகள் அபூர்வப் பொருளாகிவிட்டன. விளையாட்டுக்குள் அவற்றின் விலை பல நூறு கோடி நாணயங்கள் என்று ஏறியது. நண்பனோடு சேர்ந்து இழுத்த காகிதத் தொப்பி, பெட்டியில் பூட்டி வைக்கும் சொத்தாகி விட்டது!

பின்னாளில் அந்த விளையாட்டின் பண்டிகைப் பரிசுகள் பெரும்பாலும், கலந்து கொண்ட எல்லாருக்கும் கிடைக்கும்படியும், விற்க முடியாதபடியும் மாற்றப்பட்டன. நல்ல மாற்றம் என்பேன். எல்லாருக்கும் கிடைத்தால் மதிப்புக் குறையும் என்பது கடைக்காரர் கணக்கு. விழாவின் கணக்கு வேறு. பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவனை விட, அந்த நாற்காலிகளைத் தூக்கி வந்து அடுக்கியவன்தான் 'எங்க ஆண்டு விழா' என்று உரிமையோடு சொல்வான். எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

சாய்ந்தது பனிப்பாறை

மறுபடியும் பெங்குவின் தீவுக்கு வருவோம். அங்கே கடலில் ஒரு பெரிய பனிப்பாறை மிதந்தது. 'நிறைய பெங்குவின்கள் ஒரே பக்கமாகக் கூடி நின்று ஆடினால் பாறை சாய்ந்துவிடும்' என்று குழந்தைகளிடையே ஒரு வதந்தி. தலையில் பாதுகாப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு, துளை போடும் கருவியோடு, ஒரே நிறத்தில் கூட்டம் கூட்டமாக வந்து குலுக்கிப் பார்த்தனர். ஓராண்டு, ஈராண்டு அல்ல, பத்தாண்டுக்கும் மேல்! பாறை அசையவே இல்லை.

பிறகு சோகமான செய்தி வந்தது. விளையாட்டை மூடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. 2017ன் தொடக்கத்தில் கடைசி விழா நடந்தது. வழக்கம்போலப் பெங்குவின்கள் பனிப்பாறையில் கூடின, துளைத்தன. அன்று, பாறை உண்மையிலேயே சாய்ந்தது! அடியில் ஒரு நடன மேடை தெரிந்தது. சேர்ந்து உழைத்தால் பனிப்பாறையையும் சாய்க்கலாம் என்ற செய்தியும் அங்கே காத்திருந்தது.

2017 மார்ச் இறுதியில் தீவு மூடப்பட்டது. அத்தனை கணக்குகள், வீடுகள், சேர்த்த பொருட்கள் எல்லாம் அதோடு சரி. மறக்கக்கூடாத பாடம் இது. விளையாட்டில் நாம் கட்டும் ஊரின் சாவி நம் கையில் இல்லை. ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எத்தனை காசு கொடுத்து வாங்கிய சட்டையாக இருந்தாலும், ஒரு நாள் அது திரையோடு போய்விடும். ஆனால், சேர்ந்து ஆடிய நினைவும், கொடுத்த பழக்கமும் போகாது.

தீவு மூடிய பின், வேறு யார் யாரோ அதைப் போலவே நகல் விளையாட்டுகள் நடத்தினர். அவற்றில் ஒன்றில் குழந்தைகள் பார்க்கக் கூடாத பேச்சுகள் இருப்பதை பி.பி.சி. 2020ல் வெளிக்கொண்டு வந்தது. பிறகு அது மூடப்பட்டது. வெளித் தோற்றம் ஒன்றாக இருந்தாலும், காவல் இல்லாத இடம் நம் ஊர் ஆகாது. அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல் இப்படிப்பட்ட இடங்களில் நுழைய வேண்டாம், செல்லங்களே!

மூன்று கேள்விகள்

அடுத்த முறை உங்கள் விளையாட்டில் பண்டிகை அறிவிப்பு வந்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: காசு கட்டாத என் நண்பனும் இதில் கலந்து கொள்ள முடியுமா?

இரண்டு: 'இன்றே வாங்கு, நாளை கிடைக்காது' என்று இது என்னை அவசரப்படுத்துகிறதா? அப்படியானால் அது விழா அல்ல, வியாபாரம். ஒரு நாள் பொறுத்திருந்து, பெற்றோரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று: இதில் நான் அடுத்தவருக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், கவலை வேண்டாம். நீங்களே ஒரு வேலையை உண்டாக்கலாம். புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்பவருக்கு வழி காட்டுங்கள். எளிய சட்டையில் இருப்பவரைக் கிண்டல் செய்யும் கூட்டத்தில் சேராதீர்கள். 'வா, எங்களோடு ஆடு' என்று கூப்பிடுங்கள். தோற்றவரிடம் 'நன்றாக ஆடினாய்' என்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவு இல்லை.

அதே நேரம், முகம் தெரியாதவரிடம் அன்பாக இருக்கலாம். வீட்டு முகவரி, போன் நம்பர், பள்ளிப் பெயர் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால் உடனே வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள், சித்தப்பா, மாமா வீட்டுப் பிள்ளைகள் என்று நேரில் தெரிந்தவர்களோடு சேர்ந்து ஆடுவது இன்னும் நல்லது. விளையாட்டு மூடினாலும் அந்த நட்பு மூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை திரையைப் பார்த்துச் சிரித்தால் உடனே அதட்டாதீர்கள். 'அங்கே என்ன விழா? நீ என்ன செய்தாய்?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 'தொப்பி வாங்கினேன்' என்று பதில் வந்தால் பேச வேண்டியது இருக்கிறது. 'புதுசா வந்த ஒருத்தனைச் சேர்த்துக்கிட்டோம்' என்று பதில் வந்தால், தட்டிக் கொடுங்கள். உங்கள் பிள்ளை ஓர் ஊரைக் கட்டக் கற்றுக் கொண்டிருக்கிறது!

என்ன குட்டீஸ், வருகிற பண்டிகைக்கு எத்தனை பொருள் வாங்கினோம் என்று எண்ணாமல், எத்தனை பேரைச் சேர்த்துக் கொண்டோம் என்று எண்ணுவோமா?