தந்திரம் யாருடையது?

வைரஸ்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் சில வினைச்சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. வைரஸ் உருமாறித் தப்பிக்கிறது, மருந்தை ஏமாற்றுகிறது, தந்திரமாக ஒளிந்துகொள்கிறது. 2020, 2021 ஆகிய கரோனா ஆண்டுகளில் இவ்வழக்கு நாளிதழ்களிலும் பெருகிற்று. வெறும் சொல்லலங்காரம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் வினைக்கு ஓர் எழுவாய் வேண்டும். யாரை எழுவாயாக்குகிறோமோ அவர் தலையில் பொறுப்பும் ஏறிவிடுகிறது. வைரஸை எழுவாயாக்கும்போது நாம் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறோம். இது சரியன்று என்பதற்கு மனித சைட்டோமெகலோ வைரஸின் வரலாறு நல்ல சான்று.

ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ், உடலுக்குள் ஒருமுறை நுழைந்தால் ஆயுள் முழுதும் தங்கிவிடும். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோர் இதைச் சுமப்பதை அறிவதே இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கும், மாற்றுறுப்பு பெற்றவர்களுக்கும், எய்ட்ஸ் நோயாளிகளுக்கும்தான் ஆபத்து. அமெரிக்காவில் ஏறத்தாழ 200 குழந்தைகளுக்கு ஒன்று இத்தொற்றுடன் பிறக்கிறது. குழந்தைகளின் செவித்திறன் இழப்புக்கு, மரபு சாராத காரணங்களில் இதுவே முதன்மையானது.

அங்கே 1989இல் அனுமதி பெற்ற கான்சைக்ளோவிர் இதற்கெதிரான முக்கிய மருந்து. உடலுக்குள் செல்லும்போது அது செயலற்ற பொருள்தான். வைரஸின் சொந்தப் புரதமான யுஎல்97, அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிய பிறகே அது மருந்தாக மாறத் தொடங்குகிறது. யுஎல்97 என்பது 707 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் 594ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டும். அவ்விடத்தில் வேலின் வந்து உட்கார்ந்தால், கூடுவது இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே. அதற்குள் அந்தப் புரதம் மருந்தைத் தூண்டும் திறனைப் பெருமளவு இழந்துவிடுகிறது. வைரஸின் பெருக்கமோ ஏறக்குறைய முன்போலவே நடக்கிறது.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? கோடிக்கணக்கான முறை நகலெடுக்கையில் எழுத்துப்பிழைகள் நேரத்தான் செய்யும். அந்த வேலினும் அப்படி நேர்ந்த ஒன்று. மருந்து இல்லாத உடலில் அதற்குத் தனிப்பெருமை ஏதுமில்லை. எதிர்ப்பாற்றல் தாழ்ந்த ஓர் உடலில், மாதக்கணக்கில், வைரஸை முற்றாக அடக்காத அளவில் மருந்து ஓடும்போதுதான் மற்ற நகல்கள் அழிந்து இந்த நகல் எஞ்சுகிறது. பிழையை உண்டாக்கியது நாமல்ல. பொறுக்கியெடுத்தது நம் மருந்து. பிறகு 2021இல் யுஎல்97ஐயே முடக்கும் மாரிபாவிர் வந்தது. இப்போது அதே புரதத்தின் 409, 411ஆம் இடங்களில் மாற்றங்கள் தென்படுகின்றன. மருந்து மாறியதும் பொறுக்கப்படும் பிழையும் மாறிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது இதைவிடக் கூர்மையான கதை. 1956இல் அறிவிக்கப்பட்ட ஏடி169 என்ற வைரஸ் வகை, ஒரு சிறுமியின் அடினாய்டு திசுவிலிருந்து கிடைத்தது. பல பதிற்றாண்டுகள் உலகெங்கும் ஆய்வாளர்கள் அதையே ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் வளர்த்துவந்தனர். 1990இல் முழுமையாகப் படிக்கப்பட்ட மரபணுத் தொகுதியும் அதனுடையதே. இயற்கையில் உலவும் வைரஸுடன் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 15,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியே அதில் இல்லை என்பது 1996இல் தெரியவந்தது. யுஎல்131ஏ என்ற மரபணுவில் ஓர் எழுத்து கூடுதலாகவும் இருந்தது. மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் பிரித்து வாசிக்கப்படுவது. இடையில் ஓரெழுத்து நுழைந்தால், சீர் தவறிய செய்யுளைப் போல, அதன்பின் வரும் அமினோ அமிலங்கள் எல்லாம் வேறாகிவிடும்.

அப்புரதம் ஐந்து புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டில் உறுப்பு. எபிதீலியச் செல்களுக்குள்ளும் இரத்தநாளங்களின் உட்சுவர்ச் செல்களுக்குள்ளும் நுழைய வைரஸுக்கு இக்கூட்டு தேவை. ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் நுழையத் தேவையில்லை. அங்கே அது இல்லாத நகலே வேகமாகப் பெருகுகிறது. நாம் கொடுத்த குடுவையில் ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டுமே இருந்தது. 2004இல் வெளியான மெர்லின் வகை மூன்றே முறை மறுவளர்ப்பு செய்யப்பட்டது. அதற்குள் அதன் யுஎல்128இலும் முறிவு விழுந்துவிட்டது. ஆதிப்பிரதி என்று எண்ணி நாம் வாசித்தவை, நம் கைபட்டுத் தேய்ந்த படிகள்.

இதன் விலை என்ன? 1970களில் உருவான டவுன் தடுப்பூசி, ஃபைப்ரோபிளாஸ்டில் 125 முறை மறுவளர்ப்பு செய்த வைரஸ். அதில் யுஎல்130 சிதைந்திருந்தது. தீங்கு செய்யவில்லை, தொற்றைத் தடுக்கவும் இல்லை. காணாமற்போன ஐம்புரதக் கூட்டும் அதற்கொரு காரணம் எனப் பின்னர் கருதப்பட்டது. அக்கூட்டைச் சேர்த்து மாடர்னா உருவாக்கிய தடுப்பூசியும் 2025 அக்டோபரில் இறுதிக்கட்டச் சோதனையில் தோற்றது. எனவே கூட்டைத் திருப்பி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. எதை எதிர்கொள்கிறோம் என்று கண்டுகொள்ளவே அரை நூற்றாண்டு பிடித்தது என்பதுதான் நான் சொல்லவருவது. அந்தத் தாமதத்தில் வைரஸின் பங்கு ஏதுமில்லை.

உருவகமே இல்லாமல் அறிவியலைப் பொதுவாசகருக்குச் சொல்ல முடியுமா என்று நண்பர்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் நல்ல உருவகம் பார்வையை நீட்டிக்க வேண்டும். 'தந்திரசாலி வைரஸ்' அதை மறைக்கிறது. அதைப் படிக்கும் வாசகர் எதிரியை வெறுப்பார்; மருந்தின் அளவையும் கால நீட்சியையும் பற்றியோ, எந்தச் செல்லில் எத்தனை முறை வளர்த்தார்கள் என்றோ கேட்கமாட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். 594ஆம் இடத்து வேலினைப் பற்றி எழுதும்போது, அது எந்த உடலில், எந்த மருந்தின் கீழ் எஞ்சியது என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுவோம். வாக்கியம் சற்று நீளும்; நீளட்டும்.