கட்டை குடித்த எண்ணெய்

வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறோம். பார்வை குழலோடு நின்றுவிடும், கட்டைக்கு வராது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, அரியலூர் பக்கம் கீழப்பழுவூரில் காவல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தன் துப்பாக்கியைக் காட்டினார். இரும்பும் மரமும் சேருமிடத்தில் கட்டை தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், தடம் விழுந்தது.

“எண்ணெய் போடாம கெட்டதில்ல தம்பி, போட்டுப் போட்டே கெட்டது இது” என்றார்.

குழலுக்கு எண்ணெய் விட்டு, வாய் மேலே பார்க்கச் சாத்தி வைப்பதுதான் வழக்கம். மிஞ்சிய எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையின் வெட்டுவாயில் சேரும். மரத்தின் நுண்குழாய்கள் திறந்திருக்கும் இடம் அது, விழுந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். துப்பாக்கிக்கு விடும் எண்ணெய் காயாது. வருஷக்கணக்கில் ஊறிய மரம் மெத்தென்றாகிவிடும். சுடும்போது பின்னுதைப்பு இடிப்பதும் அதே இடத்தில்தான். பிறகென்ன, விரிசல்.

எண்ணெய் குடித்த கட்டைக்கு உப்புத்தாளைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய் இருப்பது உள்ளே. தேய்த்தால் போவது மரமும், அதில் குத்திய முத்திரையும். 1895-இல் வந்த லீ என்ஃபீல்டு வகை .303 துப்பாக்கிகளுக்கு உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் விடைகொடுத்தது. அத்தனை காலம் கைமாறிய கட்டையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் அதன் ஜாதகம். அதையா தேய்ப்பது?

எண்ணெயை வெளியே உறிஞ்சி எடுப்பதுதான் வழி. அதற்கான சரக்கு அரியலூர் மண்ணிலேயே கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று லாரி லாரியாக சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அந்தக் கல்லின் நைஸ் மாவைத் தின்னரில் குழைத்துக் கட்டையில் கனமாக அப்ப வேண்டும். தின்னர் உள்ளே போய் எண்ணெயை இளக்கும். காயும்போது எண்ணெயோடு மாவுக்கு ஏறிவரும். வெள்ளை மாவு பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்பலாம், பழுப்பு குறையும் வரை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு மட்டும் கூடவே கூடாது. அது சுட்டு நீற்றியது, காரம். மரத்தை அரித்துக் கறுக்க வைக்கும். இந்த வேலை திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான்.

தின்னர் வாடை முழுக்கப் போனபின் சித்திரை வெயிலில் வைத்தால் மிச்சமும் வியர்க்கும். துணியால் ஒற்றி எடுக்கலாம். கடைசியாக லின்சீட் எண்ணெய், சில சொட்டு, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். இது காயும் எண்ணெய், மரத்துக்கு ஆகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே வாரக்கணக்கில் நின்றபடியே இருக்கும். அண்ணன் இப்போதெல்லாம் எண்ணெய் விட்ட துப்பாக்கியை ஒரு ராத்திரி பழைய பேப்பர் மேல் தலைகீழாக நிறுத்தி, வடிந்ததைத் துடைத்த பிறகுதான் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போகிறார்.