ஜனாஸாவில் அறிவிப்பதற்கு முன் வீட்டில் எழுதுவோம்



நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ சகோதரனோ எழுந்து, “மர்ஹூம் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு” என்று அறிவிப்பார். சென்ற வருடம் அப்படியொரு ஸப்பில் நின்றபோது மனதில் ஒரு கேள்வி குத்தியது. நான் இன்று மௌத்தானால், என் மகனுக்கு எந்தக் கணக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன். கடைக் கணக்கு 18,500. மச்சானிடம் வாங்கியது 40,000. நகை அடகு 150,000. சக ஆசிரியரிடம் கைமாற்று 5,000. மொத்தம் 213,500 ரூபா. நானோ ஒன்றரை இலட்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தானும் ஒரு குழுக் கடன் எடுத்திருப்பதாகச் சொன்னார். வாரம் 1,200, இன்னும் 14 வாரம். எனக்கு அதுவரை தெரியாது. அன்று நான் சண்டை பிடித்திருந்தால் கணக்கு அதோடு நின்றிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், பிடிக்கவில்லை. அதையும் எழுதினோம்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. நாமோ கடையில் ஒரு கொப்பி, லோன்காரரிடம் ஒரு அட்டை என்று எல்லாரும் எழுதி வைத்திருக்க, நம் வீட்டில் மட்டும் எழுதாமல் இருக்கிறோம்.

எழுதிப் பார்த்த பிறகு விளங்கிய விஷயம் ஒன்று உண்டு. என் கடன் அரிசி, பருப்பால் வந்ததல்ல. மாதாமாதம் வராத செலவுகளால் வந்தது. இரண்டு பெருநாளுக்கும் 36,000. பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி, பேக் 24,000. கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பது 12,000. எல்லாம் 72,000. பெருநாள் எப்போது வரும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே நமக்குத் தெரியும். ஆனாலும் ரமழான் கடைசிப் பத்தில்தான் காசு தேடி ஓடுகிறோம். 72,000ஐ 12ஆல் பிரித்தால் மாதம் 6,000. அந்த 6,000ஐத் தனியாக வைக்காதவரை எந்த மாத பட்ஜெட்டும் பொய்க் கணக்குத்தான்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். சம்பளம் வந்த அன்றே கடன் தவணையையும் அந்த 6,000ஐயும் ஒதுக்கிவிடுகிறோம். மிச்சத்தில்தான் சாமான், கறண்ட் பில், டியூஷன், ரீலோட் எல்லாம். முன்பு மிஞ்சினால் கடன் கட்டலாம் என்று இருந்தோம். ஒரு மாதமும் மிஞ்சியதில்லை. வட்டி ஓடும் கடனுக்கே முதலிடம். அது பாவமும் நட்டமும் சேர்ந்தது. கைமாற்றுத் தந்தவர்களிடம் நேரே போய்த் திகதி சொன்னேன். அதற்குப் பிறகு அவர்களைக் கண்டு வேறு ஒழுங்கையால் போகும் நிலை இல்லை.

“மாஸ்டர், உங்களுக்கு மாதச் சம்பளம். கடலுக்குப் போகிற, கூலிக்குப் போகிற எங்களுக்கு இது சரிவருமா?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022க்குப் பிறகு ஏறிய விலைகளோடு எத்தனையோ வீடுகளில் வருமானமே போதாது. கொப்பி காசு உண்டாக்காது. ஆனால் ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் ஒருவர் (9:60). “கஷ்டமாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லிப் போவதைவிட, யாருக்கு எவ்வளவு என்று எழுதிய தாளோடு போனால் பள்ளிவாசல் ஸகாத் குழுவுக்கும் உதவி செய்வது இலகு. ஸகாத்தைச் சில்லறையாகப் பங்கிடும் குழுக்களும், ஒரு குடும்பத்தின் வட்டிக் கடனை முழுதாக அடைத்துவிடுவது பற்றி யோசிக்க வேண்டும். கடன் கொடுத்தவர்களும், கஷ்டப்படுபவருக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் வசனத்தை (2:280) மறந்துவிடக் கூடாது.

பத்து மாதமாகிறது. கடைக் கணக்கும் கைமாற்றும் குழுக் கடனும் முடிந்தன. ஒரு சோடி காப்பு மீண்டது. மற்ற நகை இன்னும் அடகில்தான். மச்சானின் காசும் பாக்கி. ஆனால் எவ்வளவு பாக்கி என்பது இப்போது என் மகனுக்கும் தெரியும்.

இன்று இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் நாள் கசக்கும். ஏசிக்கொள்ளாமல் எழுதுங்கள்.

யா அல்லாஹ், கடன் சுமையிலிருந்து எங்கள் எல்லாரையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.