இசை வகுப்பில் சிரிப்பொலியும் கேட்கட்டும்

திருவிழாக் காலங்களில் நம் சிறார்கள் சந்நிதியில் தேவாரம் பாடக் கேட்டு உள்ளம் பூரிக்கிறோம். விழா முடிந்தபின் அவர்களுள் எத்தனை பேர் இசை வகுப்பில் நீடிக்கின்றனர்? சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தோற்றுவித்த டெம்பள் ஆஃப் பைன் ஆர்ட்ஸ் முதலாக, பிரிக்பீல்ட்ஸில் இசை பயில இடத்திற்குக் குறைவில்லை. சரளி வரிசையின் கடினத்தைவிட வகுப்பின் இறுக்கமே பிள்ளைகளை விரட்டுகிறது என்பது என் எண்ணம்.

சிரிப்பு பக்திக்கு இழுக்கு என்பார் உளர். அவர்கள் கிருபானந்த வாரியார் சுவாமிகளை (1906–1993) நினைவுகூர வேண்டும். வீணை பயின்ற அப்பெருமகனார், கதைக்கு நடுவே முன்வரிசைச் சிறுவர்களிடம் கேள்வி கேட்டு, நகைச்சுவையால் அவர்களைத் தம்வயப்படுத்தினார். அதனால் பக்தி குன்றவில்லை, வளர்ந்தது.

"தம்பி, உன் தாளம் கே.எல். சென்ட்ரல் சேர்ந்துவிட்டது, பாட்டு இன்னும் கிள்ளானிலேயே நிற்கிறதே!" என்று ஆசிரியர் சொன்னால் பிழையும் விளங்கும், பிஞ்சு மனமும் நோகாது. குரலையோ தோற்றத்தையோ எள்ளுவது நகைச்சுவையன்று.

வகுப்பு நடத்தும் ஆலய நிர்வாகத்தினர், ஆசிரியரின் குரல்வளத்தோடு இன்முகத்தையும் நோக்குவார்களாக. சிரித்துக் கற்ற பிள்ளை அடுத்த திருவிழாவிலும் பாட வரும்.