முதல் நிரலுக்குச் சொங்காக் பலகை போதும்

நிரலாக்கம் கற்க வரும் மாணவர்களிடம் என்ன உருவாக்க ஆசை என்று கேட்டால், கைப்பேசியில் சுட்டு விளையாடும் பெரிய விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். அவற்றைப் பெரிய குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்குகின்றன. இரண்டு மாதத்தில் ஆசை வடிந்துவிடும். "கோடிங் நமக்கு வராது" என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சிலரிடம் இந்த எண்ணம் இன்னும் சீக்கிரமே வந்துவிடுவதைப் பார்க்கிறேன். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களுக்கும் விலையுயர்ந்த மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் உரிய கலை இது என்று அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு என் பரிந்துரை சொங்காக். இருவர், ஒரே விசைப்பலகை, மாறி மாறி ஆட்டம். படமும் ஒலியும் வேண்டாம். பைத்தன் மொழியில், திரையில் வெறும் எண்கள் போதும். பழைய கணினியே தாராளம்.

பாம்பும் ஏணியும் இன்னும் எளிதாயிற்றே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எளிதுதான், ஆனால் அதில் ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமில்லை. பகடை சொன்னபடி காய் நகரும். கணினியே தனியாக ஆடி முடித்துவிடலாம். சொங்காக்கில் எந்தக் குழியை எடுப்பது என்று மனிதர் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் காலியான குழியைக் கேட்பார், எதிராளியின் குழியைக் கேட்பார், எண்ணுக்குப் பதிலாக எழுத்தைத் தட்டுவார். எல்லாவற்றுக்கும் நிரலில் பதில் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டில் பரவலாக உள்ள பலகையில் ஆளுக்கு 7 குழி, ஒரு வீடு. குழிக்கு 7 காய் என்றால் மொத்தம் 98. கணினிக்கு இது 16 எண்கள் கொண்ட ஒரு வரிசை, அவ்வளவே. பைத்தனில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். முதல் ஆட்டக்காரரின் குழிகள் 0 முதல் 6 வரை, அவர் வீடு 7. மற்றவரின் குழிகள் 8 முதல் 14 வரை, அவர் வீடு 15. பதினைந்துக்குப் பின் மீண்டும் 0-க்குப் போவது எப்படி? ஒன்றைக் கூட்டி 16-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும். எதிர்க்குழி வேண்டுமா? 14-இலிருந்து கழியுங்கள்: 0-க்கு எதிரே 14, 6-க்கு எதிரே 8. தொடக்கப்பள்ளிக் கணிதம்தான்.

அறிவியல் ஆசிரியரான எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 98. காய்கள் புதிதாகத் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. வேதியியலில் பொருண்மை அழியா விதி படிக்கிறோமே, அதே கதை. ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் 16 எண்களையும் கூட்டிப் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். 98-ஐத் தாண்டினால், கைப்பற்றிய குழியைக் காலியாக்க மறந்திருக்கலாம். ஆனால் காயை எதிராளியின் வீட்டில் போட்டுவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, பிழை மட்டும் இருக்கும். அதற்கு நிஜப் பலகையை அருகில் வைத்து ஆடிப் பார்க்கத்தான் வேண்டும்.

விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசிக் காய் காலிக் குழியில் விழுந்தால் என்ன, சொந்த வீட்டில் விழுந்தால் என்ன என்பதில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டு. வீட்டில் ஆடும்போது பேசித் தீர்த்துக்கொள்கிறோம். கணினியோடு பேச முடியாது. ஆகவே ஒரு வரி நிரல்கூட எழுதும் முன், விதிகளைத் தாளில் எழுத வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதச் சொல்கிறேன். "இப்படியானால் அப்படிச் செய்" என்று பிசகில்லாமல் தமிழில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, பைத்தனின் சில ஆங்கிலச் சொற்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மரபான ஆட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். இதை நிரலாக்குவது கடினம், முதலில் விட்டுவிடலாம். பின்னாளில் இரு கணினிகளில் ஆட விரும்பினால் இதே சிக்கல் பெரிதாக வரும். இரண்டும் ஒரே குழியை ஒரே கணத்தில் மாற்றினால் எது உண்மை? ஒரு கணினியை மட்டும் கணக்குப்பிள்ளையாக வைத்து, அது சொல்வதையே இரண்டும் ஏற்க வேண்டும். இணைய விளையாட்டுகளில் 'சர்வர்' பார்க்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழு நிரலும் நொடியில் வந்துவிடுமே என்கிறார்கள் பெற்றோர். வரும். ஆனால் உங்கள் பாட்டி ஆடிய விதி அதற்குத் தெரியாது. வந்தது சரியா என்று பார்க்கப் பிள்ளைக்கும் தெரியாது. முதல் விளையாட்டை மட்டுமாவது கையால் எழுதட்டும்.

இந்த வார இறுதியில் தொடங்க நினைப்பவர்கள் 7 குழிக்குப் போகாதீர்கள். ஆளுக்கு 3 குழி, குழிக்கு 3 காய், மொத்தம் 18. விரல்விட்டுச் சரிபார்க்கலாம். அது ஓடியதும் 3 என்பதை 7 ஆக்குங்கள். நிரலில் எத்தனை இடங்களில் திருத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.