காகிதத்தில் ஒரு வால்-ஈ!

காகிதத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பக்கமாக வளைத்தால் வளையும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளைக்கப் பார்த்தால் சுருங்கும், இல்லையென்றால் கிழியும். பந்துக்கு கிஃப்ட் பேப்பர் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சினிமாவில் பார்த்த ரோபோவைக் காகிதத்தில் வடிவமைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

2008-ல் வந்த பிக்ஸார் படமான 'வால்-ஈ'யில் இரண்டு முக்கிய ரோபோக்கள். குப்பையை அமுக்கிக் கட்டிகளாக்கி அடுக்கும் வால்-ஈயின் உடம்பு ஏறக்குறைய ஒரு பெட்டி. ஆறு சதுரங்கள் வரைந்து மடித்தால் உடம்பு தயார். அதன் தோழி ஈவ் அப்படியல்ல. முட்டை போல வழுவழுவென்று மூலையே இல்லாத உருவம். பார்க்க எளிமை, காகிதத்தில் செய்யப்போனால் பெரும்பாடு. அதனால், முதல் ரோபோ வால்-ஈயாக இருக்கட்டும்.

இரண்டுக்கும் நடுத்தரமானது, 1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்2-டி2. உடம்பு உருளை, தலை அரைக்கோளம். உருளையின் விட்டம் 8 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 25.1 செ.மீ. ஒட்டுவதற்கு 1 செ.மீ. சேர்த்தாலும் ஏ4 தாளின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

தலைக்கு, ஆரஞ்சுத் தோலை இதழ் இதழாக உரிப்பதுபோல யோசிக்க வேண்டும். 12 இதழ்கள் என்றால் ஒவ்வொன்றும் 6.3 செ.மீ. உயரம். அடியில் 2.1 செ.மீ. அகலம், பாதி உயரத்தில் 1.5 செ.மீ., உச்சியில் கூர் முனை. பக்கங்களை நேர்க்கோடாக வரைந்துவிட்டால் தலைக்குப் பதில் கூம்புதான் வரும்!

கணினி இருந்தால், ஜப்பானின் 'பெபகுரா டிசைனர்' மென்பொருள் முப்பரிமாண உருவத்தைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால், எத்தனை துண்டுகள் போதும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். துண்டுகள் கூடினால் நுணுக்கம் கூடும், பிசகும் கூடும். ஒவ்வோர் இதழிலும் அரை மில்லிமீட்டர் குறைந்தால், 12 இதழ்களையும் ஒட்டி முடிக்கும்போது 6 மில்லிமீட்டர் இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும்.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

* 160 முதல் 200 ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் நிற்காது, தடித்தது மடியாது.

* மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து மடிப்புக் கோட்டை அழுத்திவிட்டு மடியுங்கள். மடிப்பு நேராக விழும்.

* கலர் பிரின்ட் எடுக்கும் முன் வெள்ளைத் தாளில் ஒன்று செய்து பாருங்கள். தப்பு அதிலேயே தெரிந்துவிடும்.

* வெட்டிய ஓரத்தின் வெள்ளை தெரியாமலிருக்க, அதே நிறக் கலர் பென்சிலால் தீட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா இடத்திலும் நுணுக்கம் தேவையில்லை. வால்-ஈயின் கண்கள் பைனாகுலரைப் பார்த்து உருவாக்கப்பட்டவை. அவை சாயும் விதத்தில்தான் அதன் சோகமும் ஆச்சரியமும் இருக்கின்றன. எனவே, கண்கள் இரண்டையும் தனித்தனியாகச் செய்து, கழுத்தில் அசையும்படி பொருத்துங்கள். திருகாணிகளை யாரும் எண்ணப்போவதில்லை. கண்கள் கொஞ்சம் சாய்ந்தால் போதும், வீட்டில் எல்லோரும் 'அட, வால்-ஈ!' என்பார்கள்.