வலிமை பெண்ணின் அன்றாடத் தேவை

வலிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் மனத்தில் ஓர் ஆணின் உருவமே தோன்றுகிறது. அழகு, பொறுமை, அன்பு ஆகியவற்றைப் பெண்ணுக்கு அணியாகச் சூட்டிப் பழகிய சமூகம், உடல் வலிமையை அந்தப் பட்டியலில் சேர்க்க இன்னும் தயங்குகிறது. மகன் எடை தூக்கினால் பெருமைப்படும் வீட்டில், மகள் தூக்கினால் "உனக்கு எதற்கு இது?" என்ற கேள்வி எழுவதுண்டு. இந்தக் கேள்விக்கு நேரான விடை உண்டு. தசை வலிமை விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரிய தனித்திறன் அன்று. தன் வேலைகளைத் தானே செய்துகொண்டு, பிறரைச் சாராமல் நெடுநாள் வாழ விரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது அன்றாடத் தேவையாகும்.

பெண்ணுடல் சுமையைத் தாங்காது என்ற எண்ணத்தை மலேசியத் தமிழரின் வரலாறே மறுக்கிறது. ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்ற பெண்கள் ஏராளம். அவர்கள் சேகரித்த பாலை வாளிகளில் ஊற்றி, தோளின் குறுக்கே கம்பை வைத்து, அதன் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளமான பாதையில் சுமந்து நடந்தனர். வீடு திரும்பிய பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் குழாயடித் தண்ணீரும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அந்த உழைப்பில் வறுமையும் வலியும் கலந்திருந்தன. ஆகவே, அந்த வாழ்க்கை மீண்டும் வர வேண்டுமென யாரும் விரும்பமாட்டார்கள். எனினும், பெண்ணின் தோளும் காலும் எவ்வளவு சுமக்க வல்லவை என்பதற்கு அவர்களின் வாழ்க்கையே சான்றாக நிற்கிறது.

இன்றைய நிலை வேறு. மாவரைக்கவும் துணி துவைக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மாடி ஏற மின்தூக்கி உள்ளது; கடைக்குச் செல்ல வாகனம் உள்ளது. அலுவலகத்தில் பணிபுரியும் பெண் நாளின் பெரும்பகுதியை நாற்காலியில் கழிக்கிறாள். இந்த வசதிகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால், உடலுக்கு ஒரு விதி உண்டு. பயன்படுத்தப்படும் தசை வளரும். பயன்படுத்தப்படாத தசை சுருங்கும். முப்பது வயதைக் கடந்த பிறகு, பத்தாண்டுகளுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும் அறுபதுக்குப் பின் இந்த இழப்பு விரைவடைகிறது என்றும் மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். முன்பு வேலையே கொடுத்த பயிற்சியை, இன்று பெண்கள் திட்டமிட்டுத்தான் பெற வேண்டியுள்ளது.

தசை, பொருள்களைத் தூக்க உதவும் உறுப்பு மட்டுமன்று. உணவு உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிக அளவில் ஈர்த்துக்கொள்வதும் தசையே. மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு தெரிவித்தது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்பது இதன் பொருள். இத்தகைய நாட்டில் தசையைப் பேணுவது நோய்த் தடுப்பின் ஒரு பகுதியாகும். எலும்புக்கும் இது பொருந்தும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைவதால் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தியை இழக்கிறது. தசை இழுக்கும்போதும் சுமை அழுத்தும்போதும் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. சுமையே அறியாத எலும்புக்கு அந்தத் தூண்டுதல் கிடைப்பதில்லை.

இதன் விளைவு முதுமையில்தான் முழுமையாகத் தெரிகிறது. தரையில் அமர்ந்தவர் பிறர் கையைப் பிடிக்காமல் எழ முடிகிறதா? பேருந்துப் படியில் தடுமாறாமல் ஏற முடிகிறதா? குளியலறையில் கால் வழுக்கினால் உடலை நிலைப்படுத்திக்கொள்ள முடிகிறதா? இவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். ஆனால், இவற்றைச் செய்ய இயலாத நாளில் ஒருவர் தம் வீட்டிலேயே பிறருக்காகக் காத்திருக்க வேண்டியவராகிறார். ஒரே ஒரு விழுதல், ஓர் இடுப்பெலும்பு முறிவு, அதுவரை தனித்து இயங்கிய பாட்டியைப் படுக்கையில் கிடத்திவிடக்கூடும். எனவே, வலிமைப் பயிற்சியின் உண்மையான பயன் கண்ணாடியில் தெரியும் தோற்றத்தில் இல்லை. பிற்காலத்தில் ஒரு பெண் காக்கப்போகும் தன்மானத்தில் இருக்கிறது.

இப்பயிற்சியைப் பற்றிச் சில தவறான கருத்துகள் நிலவுகின்றன. எடை தூக்கினால் பெண்ணின் உடல் ஆணின் உடலைப் போல் பருத்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. தசையைப் பெரிதாக வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் பெண்களின் உடலில் மிகக் குறைந்த அளவிலேயே சுரக்கிறது. போட்டிகளுக்காகத் தசையைப் பெருக்குவோர் பல ஆண்டுகள் கடுமையாகப் பயின்றும் தனி உணவுமுறையைப் பின்பற்றியுமே அத்தோற்றத்தைப் பெறுகின்றனர். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி செய்பவருக்கு அது தானாக வந்துவிடாது.

வீட்டு வேலையே போதுமான பயிற்சி என்பது மற்றொரு கருத்து. வீட்டு வேலை களைப்பைத் தரும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், களைப்பு வேறு, பயிற்சி வேறு. நாள்தோறும் ஒரே அளவு வேலையைச் செய்யும்போது உடல் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. அதற்கு மேல் வலிமை பெறுவதில்லை. சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை தருவதும், இடையில் ஓய்வு கொடுப்பதுமே பயிற்சியின் அடிப்படை. துடைப்பமும் துணிக்கூடையும் இவற்றைத் தருவதில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று பழமொழி கேட்கிறது. தசையைப் பொறுத்தவரை அறிவியல் 'வளையும்' என்றே விடையளிக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லவாசிகளான 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. எட்டு வாரப் பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடையே மற்றோர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் ஒரு பிரிவினர் பயிற்றுநரின் கண்காணிப்பில் வாரம் இருமுறை, முப்பது நிமிடம் கனமான எடை தூக்கினர். எட்டு மாதங்களில் அவர்களின் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் எளிய பயிற்சி மட்டும் செய்த பிரிவினருக்கோ 1.2 விழுக்காடு குறைந்தது. ஆகவே, தாய்மாரும் பாட்டிமாரும் 'இனி எதற்கு?' என்று ஒதுங்க வேண்டியதில்லை.

பணம் இல்லை, கருவி இல்லை என்பதும் பலரைத் தடுக்கும் காரணமாகும். இதற்கு மலேசிய மண்ணிலேயே ஒரு மறுமொழி உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் பளுதூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ் 2020ஆம் ஆண்டில் மலேசியாவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன; அவரும் நாடு திரும்ப இயலவில்லை. அந்நாள்களில் அவர் ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளிலும் பெரிய தண்ணீர்ப் புட்டிகளைத் தொங்கவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார். பால்வாளிகளைச் சுமந்த தோட்டப் பெண்களின் கம்பும் இத்தகையதே. 2021 ஜூலையில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில், 55 கிலோ பிரிவில் இரு முறைகளிலும் சேர்த்து 224 கிலோ தூக்கி, தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அவர் வென்றார்.

எல்லாரும் ஒலிம்பிக்கிற்குச் செல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் முக்கியத் தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் பரிந்துரைத்துள்ளது. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் செய்தல், தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவை நல்ல தொடக்கமாகும். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தபின் தசை சோர்வதே போதுமான அளவு. அது எளிதாகிவிட்டால் சுமையைச் சற்றுக் கூட்டலாம். முதுகை நேராக வைத்திருத்தல், மூச்சை அடக்காதிருத்தல், வலி தோன்றினால் நிறுத்துதல் ஆகியவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். இதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே தொடங்குதல் நலம்.

இப்பயிற்சி உடலோடு நின்றுவிடுவதில்லை. சென்ற மாதம் அசைக்க முடியாத பத்துக் கிலோ அரிசி மூட்டையை இந்த மாதம் தனியாகத் தூக்கி வைக்கும் பெண்ணுக்குத் தன்மீது ஒரு நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை பிறர் பாராட்டினால் வந்ததன்று. அவளே அளந்து அறிந்தது. பதின்ம வயதுப் பெண்கள் தம் உடலைப் பிறர் கண்களால் பார்த்தே வருந்தும் காலம் இது. 'என் உடல் எப்படித் தெரிகிறது?' என்ற கேள்வியின் இடத்தில் 'என் உடலால் என்ன செய்ய முடியும்?' என்ற கேள்வியை வைக்க இப்பயிற்சி துணைபுரிகிறது.

எனவே, பள்ளியிலேயே இதற்கு அடித்தளம் இடப்பட வேண்டும். 5 முதல் 17 வயதினர் வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்பது மேற்கூறிய வழிகாட்டியின் பரிந்துரை. செகாக் உடல்தகுதிச் சோதனையில் மாணவிகளுக்கு எளிதாக்கப்பட்ட தண்டால் முறை வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கத்திற்கு அது உகந்த படியே. ஆனால், அதையே மாணவிகளின் எல்லையாகக் கருதுவது தவறு. அடுத்த படிக்கு முன்னேற விரும்பும் மாணவிக்கு ஆசிரியரின் ஊக்கமும் முறையான வழிகாட்டலும் கிடைக்க வேண்டும்.

குடும்பத்திற்கும் இதில் பங்கு உண்டு. வேலைக்குச் சென்று திரும்பி, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்து, இரவில் ஓயும் தாயிடம் 'உடற்பயிற்சி செய்யுங்கள் அம்மா' என்று அறிவுரை கூறுவது எளிது. அவருக்குத் தேவை அறிவுரையைவிட நேரம். வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் பாத்திரம் கழுவும் வேலையை மகனோ கணவரோ ஏற்றுக்கொண்டால், அந்த நேரம் தாயின் எலும்புக்கும் தசைக்கும் கிடைக்கும் சேமிப்பாகும்.

வலிமையைக் கடனாகப் பெற முடியாது. ஒருவர் சேர்த்ததை மற்றவர் செலவிடவும் முடியாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்காகத் தானே சேர்க்க வேண்டிய செல்வம் அது. அதைச் சேர்க்க அவளுக்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் ஊக்கத்தையும் தருவது வீடு, பள்ளி, சமூகம் ஆகிய மூன்றின் கடமையாகும்.